தோக்கிச்சி என்னதான் சொல்கிறான்?

டாக்சியின் தானியங்கிக் கதவு மூட ஆரம்பித்த நொடியில் உசுமி சயோ தன் கைப்பையைத் தூக்கி உள்ளே எறிந்தாள்.

பை இடுக்கில் மாட்டிக்கொண்டது. கதவு ஒரு கணம் தயங்கி மறுபடி திறந்தது. பின்சீட்டில் இருந்த ஹிராகுஷி நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

"ஏம்மா உசுமி சான், ஆளைக் கொல்லவா வந்தே?"

"ஒரே ஒரு கேள்வி, ஹிராகுஷி சான்." ஸ்டூடியோவின் நாலு மாடிப் படிகளையும் இறங்கி ஓடிவந்ததில் சயோவுக்கு மூச்சு வாங்கியது.

"பேசிப் பேசி வாய் வலிக்குது. பல் டாக்டர் வேற காத்திருக்கார்."

"'ஒசாகி நி.' அதுக்கு என்ன அர்த்தம்?"

வெள்ளைக் கையுறை போட்ட ஓட்டுநர், பழக்கமில்லாத காரியமாகத் திரும்பியே பார்த்துவிட்டார். ஜப்பானில் பிறந்து வளர்ந்த ஒரு பெண் இப்படிக் கேட்டால் யார்தான் திரும்ப மாட்டார்கள்? ஆபீசில் மற்றவர்கள் உட்கார்ந்திருக்க, தான் மட்டும் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்திருக்கும்போது ஒவ்வொருவரும் சொல்கிற வார்த்தை அது. 'உங்களுக்கு முன்னாடி கிளம்புறேன், மன்னிச்சுக்குங்க.' அவ்வளவுதான். மூன்றாம் வகுப்புப் பையனுக்குக்கூடத் தெரியும்.

ஆனால் இந்த ஸ்டூடியோவின் அனிமேஷன் தொடர் 'பனிவாள் தோக்கிச்சி' ஒளிபரப்பான பிறகு அது அவ்வளவுதான் இல்லை என்றாகிவிட்டது. கதாநாயகன் தோக்கிச்சி எதிரியை வெட்டுவான். வாளை உறையில் போடுவான். திரும்பி நடப்பான். எதிரி இன்னும் நின்றுகொண்டுதான் இருப்பான். நமக்குத் தெரிவது தோக்கிச்சியின் முதுகு மட்டும். அந்த முதுகு சொல்லும்: "ஒசாகி நி." பின்னால் எதிரி சரிவான். ஐந்து சீசனாக இதேதான். ஐந்து சீசனாக உலகம் புல்லரித்துக்கொண்டிருந்தது.

வினையே அந்த முதுகில்தான். வாய் தெரிந்தால் டப்பிங் வசனத்தை உதட்டசைவுக்குப் பொருத்தி எழுதியாக வேண்டும். முதுகுக்கு யார் வேண்டுமானாலும், எவ்வளவு நீளமாக வேண்டுமானாலும் எழுதலாம். எழுதினார்கள். ஒரு நாட்டில் தோக்கிச்சி, 'நரகத்தில் எனக்கும் ஓர் இடம் பிடித்து வை' என்கிறான். இன்னொரு நாட்டில், 'முன்னே நடப்பவனைப் பின்னே தொடர்வது மரணம்.' மூன்றாவது நாட்டில் நாலு வரிக் கவிதையே சொல்கிறான். எதிரி விழமுடியாமல் காத்துக்கொண்டு நிற்கிறான்.

வெளிநாட்டுப் பதிப்புகளைப் பார்த்துக்கொள்கிற வேலை சயோவுடையது. ஒப்பந்த வேலை. வருடா வருடம் மார்ச் கடைசியில் அவள் தலைக்கு மேல் கத்தி தொங்கும். இன்று மார்ச் கடைசி.

காலையில் தயாரிப்பாளர் நிகாய்தோ அவளைக் கூப்பிட்டுத் தெளிவாகச் சொல்லிவிட்டார். தோக்கிச்சி முதல்முறையாக சினிமாவாக வரப்போகிறான். உலகம் முழுக்க ஒரே நாளில். எல்லா மொழியிலும் அந்த வாசகத்துக்கு ஒரே அர்த்தம் இருக்கவேண்டும் என்று விநியோகஸ்தர் ஒற்றைக்காலில் நிற்கிறார். ஆறு மணிக்குள் அர்த்தம் போய்ச் சேரவேண்டும், தோக்கிச்சியைப் படைத்த மேதை, இயக்குநர் குமோய் சென்செய்யின் ஒப்புதலோடு.

"'நரகத்தில் இடம்' நல்லா இருக்கு. அதையே எழுதிக் குடுங்க. சென்செய்கிட்ட நான் சம்மதம் வாங்கித் தர்றேன்" என்றார் நிகாய்தோ.

"அவன் அப்படிச் சொல்லலையே, நிகாய்தோ சான். வீட்டுக்குக் கிளம்புறேன்னுதானே சொல்றான்?"

"வீட்டுக்குப் போறவனைப் பாக்க எவன் டிக்கெட் வாங்குவான்?"

சயோவுக்கு பிரேசில்காரர் ஒருவரின் முகம் ஞாபகம் வந்தது. ரசிகர் விழாவில் அவள் முன்னால் சட்டையைக் கழற்றி முதுகைக் காட்டியவர். தோளிலிருந்து இடுப்புவரை கொட்டை எழுத்தில் 'ஒசாகி நி' என்று பச்சை குத்தியிருந்தார். "நரகத்தில் எனக்கும் ஓர் இடம்!" என்று கண்கலங்கினார். ஆபீஸ் விட்டுக் கிளம்புகிறவன் வாசலில் முனகுவதை முதுகு முழுக்கக் குத்திக்கொண்டிருக்கிறீர்கள் ஐயா என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. அந்த மொழிபெயர்ப்பின் அடியில் போயிருந்தது அவள் பெயர்.

"மறுபடியும் என் பேர்ல நரகம் போகாது" என்றாள்.

"அப்போ நாளையிலேர்ந்து நீங்க வரவேண்டாம்" என்றார் நிகாய்தோ, சிரித்த முகமாகவே.

அதனால்தான் இந்த ஓட்டம். ஐந்து சீசனாகத் தோக்கிச்சிக்குக் குரல் கொடுக்கிறவர் ஹிராகுஷி. அவர் சொன்னால் கொஞ்சம் எடுபடும்.

"அர்த்தமா?" ஹிராகுஷி தாடையைத் தடவினார். "எனக்கு எப்படித் தெரியும்? ஸ்கிரிப்ட்லயே அது கிடையாதே."

"என்னது?"

"முதல் எபிசோடு பதிவு. படம் பாதிகூட வரையலை. வெறும் பென்சில் கோடு. திரையில யார் பேர் வருதோ அவங்க பேசணும். கடைசிக் காட்சியில தோக்கிச்சி திரும்பி நடக்கறான். வாயை வரைய நேரமில்லாமத்தான் முதுகைப் போட்டாங்க, அது வேற கதை. அங்க அவனுக்கு வசனமே இல்லை. நிகாய்தோவுக்கு மனசு ஆறலை. 'இன்னொரு தடவை, இன்னொரு தடவை'ன்னு உயிரை எடுத்தார். காலையில உக்காந்தது, இருட்டவே ஆரம்பிச்சிருச்சு. திடீர்னு குமோய் சென்செய் எழுந்து உள்ளே வந்தார். என் பக்கத்துல, மைக் முன்னாடி நின்னார். ஒரு பெருமூச்சு. 'ஒசாகி நி'ன்னார்."

"அப்புறம்?"

"அப்புறமென்ன, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எல்லாரும் எழுந்து கைதட்டினாங்க. அந்தப் பதிவையே படத்துல வெச்சுட்டாங்க. முதல் எபிசோடுல கேக்கறது என் குரல் இல்லைம்மா, அவர் குரல். ரெண்டாவதுலேர்ந்து நான் அதைக் காப்பி அடிச்சு வயிறு வளக்கறேன்."

"விளக்கம் கேக்கலையா நீங்க?"

ஹிராகுஷி அவளை அனுதாபத்தோடு பார்த்தார். "மேதைகிட்டப் போய் விளக்கம் கேட்டா, நமக்குப் புரியலைன்னு ஆயிடாது? எல்லாரும் தலையாட்டினாங்க, நானும் ஆட்டினேன். கையை எடு, பல் வலிக்குது."

கதவு மூடியது. டாக்சி ஓகிகுபோ ஸ்டேஷன் பக்கம் திரும்பி மறைந்தது.

சயோ மறுபடி படியேறினாள். வேறு வழியில்லை. சென்செய்யையே கேட்டுவிட வேண்டியதுதான்.

குமோய் சென்செய்யின் அறை நாலாம் மாடிக் கோடியில் இருந்தது. அதை யாரும் தட்டியதில்லை. தட்டக்கூடாது என்று யாரும் சொல்லவும் இல்லை. சொல்லாமலே புரிந்துகொள்வதுதான் அந்த மாடியில் பிழைக்கும் வழி. கேள்வி இருந்தால் நிகாய்தோவிடம் சொல்லவேண்டும். அவர் மதியம் சென்செய்க்கு விலாங்கு மீன் சாப்பாட்டுப் பெட்டியோடு உள்ளே போவார். சாயங்காலம்தான் காலிப் பெட்டியோடு வெளியே வருவார். "சென்செய் 'ம்ம்'னார்" என்பார். அந்த ஒரு 'ம்ம்'மில் ஐந்து சீசன் ஓடியிருக்கிறது, மூன்று விருது வந்திருக்கிறது. அந்த 'ம்ம்'மின் ஆழத்தைப் பற்றி ஒரு பத்திரிகை நடுப்பக்கக் கட்டுரையே போட்டது.

பாவம் நிகாய்தோ, இந்த மனுஷருக்காக உழைத்து உழைத்து மதியம் யாரோடும் உட்கார்ந்து சாப்பிடுவதுகூட இல்லை. "வயிறு சரியில்லை" என்பார். அப்படியும் வருடா வருடம் பெல்ட்டில் புது ஓட்டை போட்டுக்கொண்டிருந்தார். கவலையில் சிலருக்கு உடம்பு வைக்கும் என்று மாடியில் பேசிக்கொண்டார்கள்.

அறைக் கதவுக்கு அடியில் மஞ்சளாக ஒரு கோடு தெரியும். உள்ளே விளக்கு எரிகிறது என்று அர்த்தம். விளக்கு எரிந்தால் சென்செய் வேலை செய்கிறார். சென்செய் வேலை செய்யும்போது மற்றவர்கள் எப்படிக் கிளம்புவது? ஆறு மணிக்கு முப்பது பேரும் கண்ணை மட்டும் தூக்கி அந்தக் கோட்டைப் பார்ப்பார்கள். எரியும். குனிந்துகொள்வார்கள்.

போதாக்குறைக்குத் தோக்கிச்சியின் புகழ் வேறு. துணிந்து ஒருவன் எழுந்து "ஒசாகி நி" என்றால் போதும், பக்கத்து மேசைக்காரன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்து விழுந்து நடிப்பான். எல்லோரும் சிரிப்பார்கள். நிகாய்தோ எட்டிப்பார்த்து, "யாரை வெட்டினீங்க?" என்பார். எழுந்தவன் அசட்டுச் சிரிப்போடு உட்கார்ந்துவிடுவான். நேரத்தோடு வீட்டுக்குப் போகிற வீரனைப் படைத்த இடத்தில், அவனைத் தவிர யாரும் வீட்டுக்குப் போனதில்லை.

சயோ நேராக அந்தக் கதவை நோக்கி நடப்பதை முதலில் பார்த்தவர் வகுய். தோக்கிச்சியின் முதுகை வரைகிறவர் அவர்தான். ஐந்து சீசனாக முதுகு மட்டும். தரையில் விரித்த படுக்கைப் பையிலிருந்து தலையை நீட்டினார்.

"உசுமி சான், கழிப்பறை அந்தப் பக்கம்."

"தெரியும்."

"அது சென்செய் ரூம்."

"அதுவும் தெரியும்."

வகுய் எழுந்தே விட்டார். "ஐயையோ, யாராவது பிடிங்க! என்ன பண்றீங்க நீங்க? அவர் கோபப்பட்டா என்ன ஆகும் தெரியுமா?"

"என்ன ஆகும்? நீங்க பாத்திருக்கீங்களா?"

வகுய் யோசித்தார். "பாத்ததில்லை. அதான் பயமா இருக்கு."

சயோவின் கையிலிருந்த போன் ஒலித்தது. வீடியோ அழைப்பு. விநியோகஸ்தர் கிரெகோர். சின்ன வயதிலிருந்து சாமுராய் தொடர்களைப் பார்த்தே ஜப்பானிய மொழி கற்றவர். ஓட்டலில் காபி கேட்டால்கூடப் போருக்கு அறைகூவல் விடுத்தது போலிருக்கும். தன் வீட்டு வரவேற்பறையில், பட்டுக் கிமோனோ உடுத்தி, சுவரில் இரண்டு வாள் மாட்டி, மண்டியிட்டு அமர்ந்திருந்தார்.

"மாதரசியே, வணங்குகிறேன்! பொழுது சாய்கின்றது. அவ்வாசகத்தின் உட்பொருள் யாதென மாமேதை திருவாய் மலர்ந்தருளினாரா?"

"அஞ்சு நிமிஷம், கிரெகோர் சான்."

"காத்திருப்பேன், உயிருள்ளவரை!"

சயோ மைக்கை அணைத்து, போனைச் சட்டைப்பையில் போட்டாள். கதவைத் தட்டினாள். பதிலில்லை. மாடி முழுக்கப் பென்சில் சத்தம் நின்றது. மறுபடி தட்டினாள். உள்ளே ஏதோ மரப்பொருள் கீழே விழுந்து உருண்டது.

"ம்ம்" என்றது ஒரு குரல்.

முப்பது பேரும் தன்னிச்சையாகத் தலை குனிந்தார்கள். சயோ குனியவில்லை. ஏனென்றால் அந்த 'ம்ம்', வாய் நிறையச் சோற்றை வைத்துக்கொண்டு ஒருவர் சொல்கிற 'ம்ம்' போல இருந்தது.

கைப்பிடியைத் திருகி உள்ளே போனாள். கதவைச் சாத்திக்கொண்டாள்.

நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் நிகாய்தோ.

எதிரே சாப்பாட்டுப் பெட்டி. பாதி விலாங்கு மீன் உள்ளே, மீதி அவர் கன்னத்தில். ஒரு சாப்பாட்டுக் குச்சி கையில், இன்னொன்று தரையில். மேசை மேல் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதைத் தவிர அந்த அறையில் ஒரு தாள் இல்லை, பென்சில் இல்லை. மூலையில் ஒரு தலையணை இருந்தது. தூங்கித் தூங்கி நடுவில் குழிந்த தலையணை.

"சென்செய் எங்கே?" என்றாள் சயோ.

நிகாய்தோ விழுங்கினார். நேரமெடுத்தது. "வீட்ல."

"உடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கார். தக்காளி போட்டிருக்காராம். போன தடவை ஒரு பெட்டி அனுப்பினார்." நிகாய்தோ எழுந்து நின்று தொண்ணூறு டிகிரிக்குக் குனிந்தார். தாடையிலிருந்து ஒரு பருக்கை தரையில் விழுந்தது. "வெளியே சொல்லிடாதீங்க, உசுமி சான். முதலீடு போட்டவங்க எல்லாரும் அவர் பேரை நம்பித்தான் போட்டாங்க. 'பேரை வெச்சுக்கங்க, என்னை விட்டுடுங்க'ன்னார். வெச்சுக்கிட்டேன்."

"அப்போ அந்த 'ம்ம்' எல்லாம்?"

"நான்தான்."

"அஞ்சு சீசனும்?"

"யாரும் வித்தியாசம் கண்டுபிடிக்கலையே! விருதுகூடக் குடுத்தாங்களே!" குரலில் கொஞ்சம் பெருமை எட்டிப்பார்த்தது. உடனே மறைந்தது.

"எப்போ போனார்?"

நிகாய்தோ கதவைப் பார்த்தார். அருகில் வந்து, தாழ்ந்த குரலில் சொன்னார்.

"நிஜமாவா? அன்னிக்கேவா?"

"நாங்க கைதட்டிட்டே இருந்தோம். காபி குடிச்சுட்டு வருவார்னு நினைச்சோம்." நிகாய்தோ கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தார். "இப்போ சொல்லுங்க. உங்களுக்கு என்ன வேணும்? உங்க மொழிபெயர்ப்புதானே? எடுத்துக்கங்க. நரகம் வேண்டாம். ஒப்பந்தம் ஒரு வருஷம் இல்லை, மூணு வருஷம். ஒரே நிபந்தனை." விளக்கைக் காட்டினார். "இது அணையக் கூடாது. இது எரியறவரைக்கும்தான் வெளியே முப்பது பேர் உக்காந்திருப்பாங்க. சினிமா முடியணும்."

சயோ சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தாள். சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தாள். கிரெகோர் இன்னும் மண்டியிட்டபடியே இருந்தார். கால் மரத்துப்போனது முகத்தில் தெரிந்தது.

"கிரெகோர் சான், அர்த்தம் கிடைச்சுது. சென்செய் மனசறிஞ்சு சொன்னதேதான். இதுல ஒரு எழுத்தைக்கூட மாத்தக் கூடாது."

"செவி சாய்த்தேன்!"

"'வேலை முடிஞ்சுது. நான் வீட்டுக்குக் கிளம்புறேன். உங்களை விட்டுட்டு முதல்ல போறதுக்கு மன்னிச்சுக்குங்க.'"

திரையில் நெடுநேரம் சலனமில்லை. இணைப்பு போய்விட்டதோ என்று சயோ போனை உலுக்கினாள். பிறகுதான் கிரெகோரின் கண்ணில் நீர் கோத்திருப்பது தெரிந்தது.

"வீடு..." என்றார் அவர், நடுங்கும் குரலில். "ஆஹா! வீடு எனப்படுவது யாது?"

"வீடுதான். ஷூவைக் கழட்டிட்டு உள்ளே போவோமே, அது."

"பாதுகை துறத்தல்!" கிரெகோர் எதிலோ அவசரமாக எழுதிக்கொண்டார். "யாவற்றையும் துறந்து உட்புகுதல்! நரகம் என்றவன் மூடன். அப்படியே ஆகட்டும் மாதரசியே, எல்லா மொழியிலும்!" தலை தரையில் படும்படி வணங்கினார். நிமிர்வதற்குள் சயோ அழைப்பைத் துண்டித்தாள்.

"பாத்தீங்களா?" நிகாய்தோவின் முகத்தில் ரத்தம் திரும்பியிருந்தது. "எதைக் குடுத்தாலும் கும்பிடறாங்க. நானும் சாப்பிட்டுட்டே 'ம்ம்'னுதானே சொன்னேன்? சரி, மூணு வருஷம். நாளைக்குக் காலையில ஒப்பந்தத்துல போட உங்க பேர் முத்திரையை எடுத்துட்டு வாங்க."

மூன்று வருடம் என்பது சயோவுக்குச் சின்ன விஷயமில்லை. வீட்டு வாடகை, வயதான பூனையின் மருந்து, மார்ச் மாதங்களில் வராத தூக்கம், எல்லாம் அதில் அடக்கம். அவள் விளக்கைப் பார்த்தாள். சாதாரண மேசை விளக்கு. எந்தக் கடையிலும் கிடைக்கும். வகுய்யின் மகள் ஆரம்பப் பள்ளியில் சேர்ந்தது, ஆறாம் வகுப்பு முடித்து வெளியே வந்தது, இரண்டுமே அவருக்கு போட்டோவில்தான் தெரியும். அந்த ஆறு வருடமும் இந்த விளக்கைப் பார்த்துத்தான் அவர் முதுகு வரைந்துகொண்டிருந்தார்.

சயோ கையை நீட்டி விளக்கை அணைத்தாள்.

"உசுமி சான்!" என்று இருட்டில் நிகாய்தோ அலறினார்.

கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள். மாடி முழுக்கப் பிரமை பிடித்து நின்றது. யாரும் அவளைப் பார்க்கவில்லை. எல்லோரும் கதவின் அடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மஞ்சள் கோடு இல்லை. ஜன்னலுக்கு வெளியே வானம் இன்னும் சிவந்திருந்தது. அந்த வெளிச்சத்தில் அவர்கள் ஒருவரை ஒருவர், முன்பின் பார்க்காதவர்கள் போலப் பார்த்துக்கொண்டார்கள்.

ஒரு நாற்காலி பின்னால் நகர்ந்தது. இன்னொன்று. யாரோ கோட்டை உதறுகிற சத்தம்.

"சென்செய்..." வகுய் கதவைக் காட்டினார். "சென்செய் கிளம்பிட்டாரா?"

"கிளம்பிட்டார்." சயோ தன் மேசையிலிருந்த தேநீர்க் கோப்பையை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள். நாளை இங்கே வரப்போவதில்லை என்பது கைக்கு முதலில் தெரிந்துவிட்டது.

"எப்போ? நான் காலையிலேர்ந்து இந்தக் கதவுக்கு எதிர்லதானே கிடக்கேன்! ஒரு வார்த்தை சொல்லாம எப்படிப் போவார்?"

"சொல்லிட்டுத்தான் போனார், வகுய் சான். முறைப்படி, எல்லாரும் கேக்கற மாதிரி, மன்னிப்பும் கேட்டுட்டுத்தான் போனார். நீங்கதான் கைதட்டினீங்க."

வகுய் விழித்தார். சயோ பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"முதல் எபிசோடு பதிவு ஞாபகம் இருக்கா? மைக் முன்னாடி வந்து நின்னு பெருமூச்சு விட்டாரே? அது தோக்கிச்சிக்கு வசனம் இல்லை. அன்னிக்கு வேலையை விட்டுட்டு வீட்டுக்குப் போனவர்தான். திரும்பி வரவே இல்லை."